எகிப்தியரின் கலையும் அன்றாட வாழ்வும்: ஊர் நூலகத்தில் படக்காட்சி வைக்க ஆலோசனை வேண்டும்

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் எகிப்திய நாகரிகம் வருகிறது. அதையொட்டி, பண்டைய எகிப்தியரின் கலையையும் அன்றாட வாழ்வையும் காட்டும் படக்காட்சி ஒன்றை ஊர்ப்புற நூலகக் கூடத்தில் வைக்க மாணவர்களும் நானும் முனைந்திருக்கிறோம். மூலப் பொருள்களைக் காண வேண்டுமானால் கொல்கத்தாவுக்கோ மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ போக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தையே இன்னும் பார்த்ததில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமைக் காலம் கடந்த தன் சேகரிப்புகளின் படங்களை 2017 பிப்ரவரி முதல் எவரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதித்திருப்பதால், பெரிய அளவில் அச்சிட்டு வைக்கலாம் என்ற துணிவு வந்தது.

எனக்குள்ள சிக்கல் இதுதான். கூட்டம் வர வேண்டுமானால் வாசலிலேயே பிரமிடையும் துட்டன்காமனின் பொன் முகமூடியையும் மம்மியையும் வைக்க வேண்டும் என்பது உடன் பணியாற்றுவோரின் கருத்து. பார்க்க வரப்போகிறவர்களோ பெரும்பாலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். தங்கத்தைக் கண்டு வியந்துவிட்டுப் போவதைவிட, அவர்கள் நின்று தமக்குள் பேசிக்கொள்ளும்படியான படங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படியானால் எதை முதலில் வைப்பது? "நைலும் காவிரியும் ஒன்றே, அவர்களும் நம்மைப் போலவே வாழ்ந்தார்கள்" என்று தலைப்புப் பலகையில் எழுத மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள், அது பொருந்துமா? மம்மியின் படத்தைச் சிறு பிள்ளைகள் முன் வைப்பது முறையா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கீழவாசல் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வாசலில் வைக்க வேண்டிய படம் எது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மெகெட்ரே என்பவரின் கல்லறையில் கிடைத்த மரத்தாலான தானியக் களஞ்சியத்தை வையுங்கள். அது நீங்கள் குறிப்பிட்ட அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

மெகெட்ரே, கி.மு. 2000-ஐ ஒட்டிய காலத்தில், இன்று லக்சர் எனப்படும் தீப்ஸ் நகரில் அரசரின் தலைமைக் காரியக்காரராக இருந்தவர். அவருடைய கல்லறையைப் பழங்காலத்திலேயே திருடர்கள் சூறையாடிவிட்டார்கள். 1920-இல் அந்த அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர் ஹெர்பர்ட் வின்லாக் தலைமையிலான குழுவினர், அதன் வரைபடத்தையாவது எடுத்துக்கொள்வோம் என்று துப்புரவு செய்தபோது, எவர் கையும் படாத சிறிய அறை ஒன்று வெளிப்பட்டது. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட மர மாதிரிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ரொட்டி சுடும் இடமும் பீர் வடிக்கும் இடமும் சேர்ந்த கட்டடம், மாட்டுத் தொழுவம், நெசவுக் கூடம், தச்சுப் பட்டறை, படகுகள் என ஒரு பெரிய பண்ணையின் இயக்கம் முழுவதும் அந்த அறைக்குள் அடங்கியிருந்தது. தோட்டத்து மாதிரியில் மரங்களுக்கு நடுவே உள்ள குளத்துக்குச் செப்புத் தகடு பதித்து, மெய்யாகவே நீர் நிரப்பி வைக்கும்படி செய்திருக்கிறார்கள். இந்த மாதிரிகள் பின்னர் கெய்ரோவுக்கும் நியூயார்க்குக்குமாகப் பங்கிடப்பட்டன. நெசவுக் கூடமும் தச்சுப் பட்டறையும் கெய்ரோவில் இருக்கின்றன.

களஞ்சிய மாதிரி ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளமுள்ள, மூடியில்லாத ஒரு பெட்டி. அதன் நான்கு மூலைகளும் கூராக மேலெழும்பி நிற்கும். உள்ளே இரண்டு பகுதிகள்: ஒன்றில் தானியம் கொட்டும் அறைகள், மற்றொன்றில் கணக்குக் கூடம். மூட்டை சுமப்பவர்கள் ஆறு பேர். அளப்பவர்களும் கணக்குப் பார்ப்பவர்களுமாக ஒன்பது பேர். எழுத்தர்களில் சிலர் பாப்பிரஸ் என்னும் நாணற்தாள் சுருளை விரித்தும் சிலர் மரப் பலகையை வைத்துக்கொண்டும் எழுதுகிறார்கள். சுமக்கிறவர்களைவிட அளக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் அதிகம் என்பதைக் கண்டவுடனேயே, களத்தில் நெல் அளந்து பழகிய எவருக்கும் அந்த நாட்டின் நிர்வாகம் எதன்மேல் நின்றது என்பது விளங்கிவிடும். பத்துப் பக்கப் பாடம் சொல்ல முடியாததை இந்த ஒரு பெட்டி சொல்லிவிடுகிறது.

இவற்றைக் கல்லறையில் வைத்ததற்குக் காரணம், இறந்தவருக்கு உணவும் உடையும் மறுமையிலும் குறைவின்றிக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நம்பிக்கை. எகிப்தியர் சாவையே எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்ற எண்ணம் நம் பாடநூல் வாசகர்களிடம் ஆழப் பதிந்திருக்கிறது. அரைத்தல், நெய்தல், மாடு வளர்த்தல் ஆகிய எல்லாவற்றையும் விட்டுப்போக மனமில்லாமல் உடன் எடுத்துச் செல்ல முயன்றவர்கள் என்று உங்கள் மாணவர்கள் விளக்கிச் சொல்லட்டும்.

மரக்கால் எழுதியது:

வணக்கம் அம்மா. மன்னார்குடிப் பக்கம் சாகுபடி செய்கிறவன். பேராசிரியர் ஐயா சொன்ன களஞ்சியத்துக்கு அடுத்தபடியாக மென்னா என்பவரின் கல்லறைச் சுவரோவியத்தை வையுங்கள். கி.மு. 1400 வாக்கில் அரசரின் வயல்களுக்குக் கணக்கராக இருந்த அவருடைய கல்லறை, இன்றைய லக்சருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு வெள்ளாமை முழுவதையும் வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள்.

விளைந்து நிற்கும் பயிரின் ஊடே கயிறு பிடித்து அளக்கிறார்கள். எழுத்தர்கள் உடன் நடக்கிறார்கள். கதிர் அறுக்கிறார்கள். அறுத்த கதிரை வலைக்கூடையில் திணித்து, கழியில் மாட்டி இருவர் தூக்கிச் செல்கிறார்கள். களத்தில் மாடுகளை ஓட்டிப் பிணையல் அடிக்கிறார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு தூற்றுகிறார்கள். ஒருவரைக் கீழே கிடத்தித் தடியால் அடிக்கும் காட்சியும் அதே சுவரில் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட வேண்டாம். இவ்வளவுக்கும் நடுவே, உதிர்ந்த கதிர் பொறுக்க வந்த இரண்டு சிறுமிகள் ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடித்து இழுத்துச் சண்டை போடுகிறார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு சிறுமி, தோழியின் காலை எடுத்து வைத்துக்கொண்டு, தைத்த முள்ளைப் பிடுங்குகிறாள். அதிகாரியின் பெருமைக்காகத் தீட்டிய சுவரில், வேலையில் மூழ்கிய ஓவியர் எவரோ இந்தப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறார். இந்த இரண்டு துண்டுகளையும் மட்டும் பெரிதாக்கித் தனிப் படமாக வைத்தால், கதிர் பொறுக்கிய பழக்கமுள்ள நம் ஊர்ப் பெண்கள் அங்கேதான் நிற்பார்கள்.

தலைப்புப் பலகையைப் பற்றி ஒரு சொல். நைலும் காவிரியும் ஒன்று என்று எழுதாதீர்கள். எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் நைல் பெருகியதும், குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் காவிரி பெருகுவதும் ஏறக்குறைய ஒரே மாதங்களில்தான் என்பது உண்மை. நமக்கு ஆடிப்பெருக்கு வரும் நாளில் அங்கேயும் நீர் ஏறிக்கொண்டிருந்திருக்கும். அதற்குப் பிறகு நடப்பது முற்றிலும் வேறு. அவர்கள் வெள்ளத்தைப் பாத்தி பாத்தியாக வயலில் தேக்கி, அது வண்டலைப் படியவைத்துவிட்டு வடிந்த பிறகு, ஏறக்குறைய ஐப்பசி கார்த்திகையில் விதைத்து, பங்குனி சித்திரையில் அறுத்தார்கள். நாம் ஓடும் தண்ணீரில் நாற்று நடுகிறவர்கள். அவர்களுக்கு மழை என்பதே ஏறக்குறைய இல்லை. நமக்கோ வடகிழக்குப் பருவமழை வந்து சம்பாப் பயிரை மூழ்கடித்துவிட்டுப் போகும். அவர்கள் விதைத்தது எம்மர் என்ற கோதுமையும் பார்லியும். கதிரைத் தாளின் மேற்பகுதியிலேயே அறுத்தார்கள் என்பதைப் படத்தில் கவனியுங்கள். நாம் வைக்கோலுக்காக அடியோடு அறுக்கிறோம். இந்த வேற்றுமையை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வாய்ப்பை ஒரு தலைப்பு வரியால் கெடுத்துவிட வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பேராசிரியர் ஐயாவுக்கும் மரக்கால் அண்ணனுக்கும் மிக்க நன்றி. பிணையல் அடிப்பதை எங்கள் மாணவர்கள் பார்த்ததே இல்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு பிறந்தவர்கள். ஆகவே அந்தப் படத்தின் அருகே விளக்கம் சொல்ல மாணவருக்குப் பதிலாக ஒரு பாட்டியையே உட்கார வைப்பது என்று தீர்மானித்துவிட்டோம்.

இதுவரை வந்த இரண்டும் அதிகாரிகளின் கல்லறைகளில் கிடைத்தவை. உழைத்தவர்கள் தாமே எழுதி வைத்தது என்று எதுவும் இல்லையா?

அரசலாறு எழுதியது:

இருக்கிறது. குடந்தையில் பிறந்து இப்போது இலண்டனில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடங்களுக்கு அடிக்கடி போய்வருகிறேன்.

நீங்கள் எழுப்பிய ஐயம் மிக நியாயமானது. கல்லறை ஓவியம் என்பது உடைமையாளர் எப்படி நினைவுகூரப்பட விரும்பினாரோ அப்படித் தீட்டப்பட்டது. இங்குள்ள நெபாமுன் கல்லறை ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 1350-ஐ ஒட்டியவை, அமுன் என்னும் தெய்வத்தின் கோயிலில் தானியக் கணக்கரான நெபாமுன் நாணற்காட்டில் பறவை வேட்டையாடுவதும், அல்லியும் மீனும் வாத்தும் நிறைந்த குளமும் கண்ணை விட்டு அகலாதவை. அந்தக் குளத்து மீன், நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் வலையில் விழுகிறதே, அதற்கு நெருங்கிய உறவு. அதே கல்லறையில், மாடுகளை ஓட்டிவந்து கணக்கு ஒப்புவிக்கும் காட்சி ஒன்றும் இருக்கிறது. அங்கே எழுதப்பட்டுள்ள வாசகத்தில், எஜமானின் முன்னால் பேசாதே, அவருக்குப் பேச்சுப் பிடிக்காது, சந்தடியின்றிக் கடந்து போ என்று ஓர் ஆளை மற்றோர் ஆள் அதட்டுகிறார். அழகிய ஓவியம், அந்த வரியைத் தமிழில் எழுதிப் படத்தின் கீழேயே ஒட்டுங்கள். அதிகாரத்தின் சுவடும் அதே சுவரில் இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

உழைத்தவர்களின் குரலுக்கு டெயிர் எல்-மெடினாவுக்குப் போக வேண்டும். மன்னர்களின் சமவெளியில் கல்லறை வெட்டிய கல்தச்சர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. ஆற்றிலிருந்து விலகிய வறண்ட இடம் என்பதால் தண்ணீரையும் ஆட்கள் சுமந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் கடன், வழக்கு, துணி வெளுக்கப் போட்ட கணக்கு என எல்லாவற்றையும் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானையோடுகளிலும் எழுதினார்கள். அவற்றுள் ஒன்று, இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவேடு. வலப்புறம் தொழிலாளர்களின் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் நேரே வராத நாள்கள். நாளுக்கு மேலே சிவப்பு மையில் காரணம். உடல் நலமில்லை, கண் நோய், தேள் கொட்டியது, பீர் காய்ச்சினார், தாயின் உடலைச் சுற்றினார் என்று எழுதியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது, இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றும் சடங்கு. வேறு எந்த எகிப்தியப் பொருளும் என்னை இந்தச் சில்லைப் போல் நிறுத்தி வைத்ததில்லை. பள்ளியின் வருகைப் பதிவேடு ஒன்றை அருகில் திறந்து வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. வணிக நோக்கமின்றி, உரிமையாளர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துவதாயிருந்தால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படங்களையும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு.

அவர்களுக்கு ஊதியமும் தானியமாகவே அளக்கப்பட்டது. சாதாரணத் தொழிலாளிக்கு மாதத்துக்கு 4 கார் எம்மர் கோதுமையும் ஒன்றரைக் கார் பார்லியும். ஒரு கார் என்பது ஏறக்குறைய 77 லிட்டர். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், அந்தத் தானியம் நாள்கணக்கில் வரவில்லை. தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டிப் போய்க் கோயிலின் புறத்தே உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் சொன்னதை எழுத்தர் ஒருவர் பதிந்து வைத்தார். அந்தப் பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைநிறுத்தம் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு என்று வரலாற்றாசிரியர்கள் அதைப் போற்றுகிறார்கள். கூலி நெல்லுக்கான போராட்டங்களைப் பாட்டன் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த கீழத்தஞ்சைப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லாமல் எகிப்தைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கீழவாசல் எழுதியது:

அரசலாறு அம்மையார் கூறியதற்கு ஒரு சிறு சேர்க்கை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, கோயிலில் ஆடல் பாடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கும் வீடும் தரப்பட்டதையும், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டதையும் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. தானியத்தால் இயங்கிய அரசு, கோயில், கணக்கு ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க இது உதவும்.

மெழுகுக்கரு எழுதியது:

சுவாமிமலையில் வார்ப்புத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். இதுவரை எல்லோரும் வாழ்வைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். தலைப்பில் கலையும் இருக்கிறது.

எகிப்திய உருவங்களில் முகம் பக்கவாட்டிலும், கண் நேராகவும், தோள்கள் நேராகவும், கால்கள் பக்கவாட்டிலும் இருக்கும். பார்க்கிற பிள்ளைகள், அவர்களுக்கு வரையத் தெரியவில்லை என்று சொல்லக்கூடும். அந்த எண்ணத்தை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் அது எந்தக் கோணத்தில் முழுமையாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் காட்ட வேண்டும் என்பது அவர்களின் நெறி. குளத்தை மேலிருந்து பார்த்தபடியும் கரை மரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தபடியும் வரைந்ததும் அதனால்தான்.

அளவும் கணக்கோடுதான். நிற்கும் உருவத்தை உள்ளங்கால் முதல் நெற்றி மயிரோரம் வரை 18 கட்டங்களாகப் பகுத்தார்கள்; பிற்காலத்தில் அளவு மாறி, மேல் இமை வரை 21 கட்டங்கள் ஆயிற்று. முடிவுறாத ஓவியங்களில் அந்தச் சிவப்புக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. நாங்கள் தென்னை ஓலை நறுக்கை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, தாலம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டு முகம், மார்பு, இடை, முழங்கால் என்று மெழுகில் குறிப்போம். கட்டம் போட்ட படம் ஒன்றையும் ஓலை நறுக்கு ஒன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். ஓலையை நானே மடித்துத் தருகிறேன். பிள்ளைகள் கட்டத் தாளில் 18 கட்டத்துக்கு ஓர் உருவம் வரைந்து பார்த்தால், அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எவ்வளவு உயிர் கொண்டுவர முடிந்தது என்பதைக் கையாலேயே உணர்வார்கள். மென்னா சுவரின் முள் பிடுங்கும் சிறுமியை மரக்கால் ஐயா குறிப்பிட்டிருக்கிறார். முதுகு வளைந்து குனியும் அந்த உடலைத் தீட்டியவர் விதியை நன்கு கற்றவர். கற்றவராலேயே அதைத் தளர்த்தவும் முடியும்.

மெழுகு அச்சு வார்ப்பு அவர்களுக்கும் தெரியும். பிற்காலத்தில் கோயில்களுக்குக் காணிக்கையாக ஆயிரக்கணக்கான வெண்கலப் பூனைகளையும் மறுமையின் தெய்வமான ஒசைரிஸின் உருவங்களையும் வார்த்தார்கள். பெரியவற்றை உள்ளே மண் கருவைத்துப் பொள்ளலாக வார்த்தார்கள். நாங்கள் பூசைக்குரிய திருமேனியைக் கனமாகவே வார்ப்போம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலப் பூனைக்குக் காதிலும் மூக்கிலும் பொன் வளையங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

சுவரோவியம் பற்றி ஒரு குறிப்பு எழுதுவீர்களானால், எகிப்தியர் உலர்ந்த பூச்சின்மேல் பசை கலந்த வண்ணத்தால் தீட்டினார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்த பெரிய கோயில் சோழர் ஓவியங்கள், சுண்ணப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டப்பட்டவை என்பது ஆய்ந்தவர்களின் கருத்து.

மரக்கால் எழுதியது:

மம்மி பற்றி எவரும் சொல்லவில்லை. என் கருத்தில் அது வேண்டவே வேண்டாம். அதுவும் ஒருவருடைய உடல். நம் வீட்டுப் பெரியவரின் உடலைப் படமாக்கி ஊர்க் கூடத்தில் மாட்ட நாம் ஒப்புவோமா?

அரசலாறு எழுதியது:

உங்கள் உணர்வை மதிக்கிறேன். இங்குள்ள அருங்காட்சியகங்களிலும் இது குறித்துத் தீவிரமாக விவாதிக்கிறார்கள். சுற்றிய துணியை அவிழ்த்த உடலின் படம் தேவையில்லை. அடக்கம் செய்த முறையையே மறைத்துவிட்டால், மெகெட்ரேயின் களஞ்சியம் ஏன் கல்லறையில் இருந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல முடியாது. ஓவியம் தீட்டிய சவப்பெட்டி ஒன்றையும் உஷப்தி பொம்மைகளையும் வைத்தால் போதும். மறுமையில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால் இறந்தவருக்குப் பதிலாக எழுந்து போக வேண்டியவை அந்தப் பொம்மைகள். கையில் மண்வெட்டியும் தோளில் விதைப் பையும் இருக்கும். முழுத் தொகுதியாக வைத்தவர்கள் நாளுக்கு ஒன்றாக 365, மேற்பார்வைக்கு 36 என 401 வைத்தார்கள். இறந்தவரின் பெயர் ஒலிக்க வேண்டும் என்பது எகிப்தியரின் பெருவிருப்பம். சவப்பெட்டியின் படத்துக்குக் கீழே அதற்குரியவரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மம்மியின் உடல் படம் இல்லை, சவப்பெட்டியும் உஷப்தியும் உண்டு என்று முடிவு செய்தோம். வாசலில் மெகெட்ரேயின் களஞ்சியம். அடுத்து மென்னாவின் வயல், நெபாமுனின் குளமும் மாடுகளும், அதன் எதிர்ச்சுவரில் வருகைப் பதிவேட்டுச் சில்லும் வேலைநிறுத்தச் செய்தியும். பின்புறச் சுவர் முழுவதும் கலைக்கு. கட்டத் தாளும் பென்சிலும் அங்கேயே மேசையில் இருக்கும். பொன் முகமூடி கடைசியில் இடம்பெறும். தலைப்புப் பலகையில் "நைல் கரையில் ஒரு வெள்ளாமை" என்று எழுத மாணவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆற்று வெள்ளத்தின் வேற்றுமையை, இரண்டு ஆறுகளுக்கும் மாதவாரியாக ஒரு பட்டையில் வரைந்து காட்டப்போகிறார்கள். மேட்டூர் அணை 1934-இலும் அஸ்வான் பேரணை 1970-இலும் கட்டி முடிக்கப்பட்டதும், அதன் பிறகு இரண்டு டெல்டாக்களுக்கும் வண்டல் வரத்துக் குறைந்ததும் அந்தப் பட்டையின் முடிவில் வரும்.

மரக்கால் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். களஞ்சியப் படத்தின் கீழே வைக்கப் பழைய மரக்காலும் பதக்கும் உங்களிடம் இருந்தால் ஒரு வாரம் இரவல் தர வேண்டும். நூலகர் பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மரக்கால் எழுதியது:

இரண்டும் இருக்கின்றன, அம்மா. பித்தளைப் பூண் போட்ட மரக்கால். கொஞ்சம் நெல்லும் கொண்டுவருகிறேன். பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும். மென்னா படத்தை மட்டும் தாழ்வாக மாட்டுங்கள். சண்டை போடும் சிறுமிகள் சுவரில் சிறிதாகத்தான் இருக்கிறார்கள்.